பூவரசுக்கு வந்த விடுதலை

சித்தப்பாவின் வீட்டுக்குள் ஒரு பூவரசு நின்றது. மரம் வீட்டுக்குள் வரவில்லை. மரம் முதலிலேயே இருந்தது, வேறு இடம் கிடைக்காத வீடுதான் அதைச் சுற்றி வந்தது. தாராவியில் எங்கள் சந்து முடிகிற இடத்தில், நாலா என்று நாங்கள் சொல்லும் பெரிய சாக்கடையின் கரையில், கல்யாணமான புதிதில் அவரே கட்டிய ஒற்றை அறை. அடிமரம் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கிளம்பி, சிமெண்ட் ஷீட்டில் வெட்டிய ஓட்டை வழியாகக் கூரைக்கு மேலே போய்க் கிளை விரித்திருந்தது. மரம் பருக்கப் பருக்க ஓட்டையை அகலப்படுத்த வேண்டும். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் சித்தப்பா கூரையேறி மரத்தின் கழுத்தைச் சுற்றித் தாரும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைப்பார். அப்படியும் ஜூலை மாதம் தண்ணீர் மரத்தோடு வழிந்து உள்ளே இறங்கும். அந்தத் தண்ணீர் வெளியே போக சித்தி தரையில் ஒரு சின்னக் கால்வாய் வைத்திருந்தாள். அதில் நாங்கள் காகிதக் கப்பல் விட்டோம். எங்கள் சந்தில் வீட்டுக்குள்ளேயே ஆறு ஓடியது சித்தப்பா வீட்டில் மட்டும்தான்.

அடிமரத்தில் ஆணிகள் இருந்தன. ஒன்றில் முகம் பார்க்கும் கண்ணாடி, ஒன்றில் முருகன் காலண்டர், ஒன்றில் சித்தப்பாவின் சட்டை. ஆடி வெள்ளிக்கு சித்தி அதே மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். ஆணி அடித்ததும் கும்பிட்டதும் ஒரே கைகள்தான். அதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை.

சித்தப்பா இட்லி விற்றார். விடியுமுன் வெந்த இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போவார். அங்கே பூங்காவில் நடக்க வருகிறவர்கள் நடந்து முடித்ததும் இவரிடம் நின்று சாப்பிடுவார்கள்.

ஒருநாள் சர்க்கார் ஆட்கள் வந்து நாலாக் கரையில் இருந்த வீடுகளின் கதவிலெல்லாம் சிவப்பு மையால் குறி போட்டார்கள். நாலாவை அகலமாக்கப் போகிறார்களாம். எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தது. சித்தப்பா வீட்டுக் கதவில் குறி போட்டவன் உள்ளே எட்டிப் பார்த்தான். மரத்தைப் பார்த்ததும் திகைத்துப்போய், மரத்தைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை, அதற்கு வேறு ஆபீஸ் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு வாக்கியத்தை சித்தப்பா பிடித்துக்கொண்டார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் கவலையே இல்லை.

"அண்ணே, மரத்தத் தொட முடியாதாம்லா. மரத்தத் தொடாம என் வீட்ட எப்பிடி இடிப்பான்?"

அப்பா பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து அரைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். எதையும் பிரித்துப் பார்க்கிற புத்தி. "வீட்ட இடிச்சிட்டு மரத்த விட்டுட்டுப் போவான்" என்றார்.

"நீ ஒரு ஆளு. மரமும் வீடும் வேற வேறயா? நம்மூர்ல சாமி மரத்த ஒட்டி இருக்க குடிசையில எவனாச்சும் கை வைப்பானா, சொல்லு."

"இது நம்மூரு இல்லலே."

"மரம் எல்லா ஊர்லயும் மரந்தான்" என்றார் சித்தப்பா.

பூங்காவில் நடக்கிறவர்களில் சிலர் சேர்ந்து மரங்களைக் காக்க ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் ஒரு தமிழர், பாலக்காட்டுக்காரர், பேங்க்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சட்னி ஊற்றி, "சார், என் வீட்டுக்குள்ள ஒரு பூவரசு நிக்கு. வந்து பாக்கியளா?" என்று கேட்டிருக்கிறார். தலைவர் பாதி இட்லியோடு நின்றுவிட்டாராம். இதைச் சித்தப்பா எங்களுக்குப் பலமுறை நடித்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா. சந்தே திரண்டு நின்று பார்த்தது. தலைவர் குனிந்து உள்ளே போய் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவோ எளிதாக இருக்கும்.

"எத்தனை ஆணி பாருங்கோ. பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்.

"நானே அடிச்சது சார்" என்றார் சித்தப்பா பெருமையாக. "நல்லா உறுதியான மரம். ஆட்டமே கிடையாது."

தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தர் குறடு இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். சித்தப்பா ஓடிப்போய் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு ஆணியாக, குழந்தைக்கு முள் எடுப்பதுபோலப் பிடுங்கினார். சட்டை விழுந்தது, முருகன் விழுந்தார். சித்தி கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத இனி எங்க மாட்ட?"

"சும்மா இரி. பெரிய மனுசங்க வந்திருக்கும்போது" என்றார் சித்தப்பா.

தலைவர் வேர்ப்பக்கம் பூசியிருந்த சிமெண்டைத் தடவிப் பார்த்தார். "மரத்தை நம்ம சொத்துன்னு நெனைக்கறோமே, அதுதான் இத்தனை கேட்டுக்கும் காரணம். நமக்கு இருக்கற உரிமை இதுக்கும் இருக்கு, கேட்டேளா?"

"அதே சார்" என்று சித்தப்பா தலையை ஆட்டினார். "எங்களுக்கு இருக்க உரிமைதான் அதுக்கும்."

அடுத்த வாரம், குறி போட்டவன் சொன்ன அந்த வேறு ஆபீஸ் வந்து மரத்தின் மேல் வெள்ளை மையால் ஒரு எண் எழுதிவிட்டுப் போனது. சந்தே அந்த எண்ணைப் பார்க்க வந்தது. சிவப்புக் குறி வாங்கிய வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று செடி ஆசை வந்தது. எண்ணெய் டின்னில் துளசி, பெயிண்ட் டப்பாவில் பப்பாளி. மூன்று வீடு தள்ளியிருந்த அண்ணாச்சி முருங்கைக் கொம்பு ஒன்றைக் கதவருகில் நட்டு, குறி போட்ட இடத்தை அதன் இலை மறைக்கிற மாதிரி கட்டிவைத்தார். குறியே இல்லாத எங்கள் அம்மாவும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மிளகாய்ச் செடி வைத்தாள்.

"மொளகாச் செடிக்கெல்லாம் நம்பர் குடுக்க மாட்டாண்டி" என்றார் அப்பா.

"குடுக்காட்டா காய்க்கும்லா" என்றாள் அம்மா.

மே மாதம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் சங்கம் விழா எடுத்தது. எங்கள் குடும்பத்தில் தமிழைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால், மரமாக நடிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பச்சைத் துணி சுற்றி, தலையில் நிஜப் பூவரசு இலைகளைக் குத்தி மேடையேற்றினார்கள். வசனத்தைத் தலைவரே எழுதியிருந்தார். "நான் மரம். எனக்கு வாய் இல்லை. இந்தச் சிறுவன் என் வாய். என் கழுத்தில் கூரை. என் காலில் சிமெண்ட். என்னை மூச்சுவிட விடுங்கள்." கழுத்து என்று சொல்லும்போது நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அது என் சொந்தச் சேர்க்கை. அதற்குத்தான் பெரிய கைதட்டல் கிடைத்தது.

பிறகு சித்தப்பாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி, மழைக்கு முன்பாக இந்த மரத்தை விடுவிப்போம் என்று மராத்தியில் அறிவித்தார். சித்தப்பாவுக்கு மராத்தி நன்றாகப் புரியும். இருந்தும் அவர்தான் முதலில் கைதட்டினார். மரம் பிழைத்தால் வீடு பிழைத்தது என்பது அவர் கணக்கு. அந்த வெயிலில் பொன்னாடையைக் கழற்றாமல் நடந்தே தாராவி வந்து, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தேவையும் இல்லாமல் போய்வந்தார். "வீட்டக் காப்பாத்திட்டாம்யா" என்று அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

மழைக்கு முன்பே சித்தப்பா வீட்டை இடிக்க வந்தவர்கள் இயந்திரம் கொண்டுவரவில்லை. மரத்தின் மேல் ஒரு கீறல் படக்கூடாது என்று உத்தரவாம். கூரையை ஆணி ஆணியாகக் கழற்றி, சுவரைச் செங்கல் செங்கலாக எடுத்தார்கள். வேரோடு ஒட்டியிருந்த பூச்சை எப்படிப் பெயர்ப்பது என்று தெரியாமல் அவர்கள் திணறியபோது சித்தப்பாவே உளியை வாங்கிக்கொண்டார். பூசிய கைக்குத்தானே எங்கே என்ன கிடக்கிறது என்று தெரியும். இட்லிக் கொப்பரை, மாவு கிரைண்டர், டிரங்குப் பெட்டி எல்லாம் வெளியே கிடக்க, சித்தி கிரைண்டரின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா இடிங்கய்யா, மரத்துக்கு நொந்துரப் போவுது" என்றாள் வேலையாட்களைப் பார்த்து. "எங்களுக்கு நோவாது. எங்க மேல நம்பர் இல்ல."

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும். உளியின் சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி கேட்டது.

தலைவர் மத்தியானம் குடையோடு வந்தார். சித்தப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்த மனசு யாருக்கு வரும்? ஒரு ஜீவனுக்காக வீட்டையே விட்டுக்கொடுத்தேளே" என்றார். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி சார்" என்றார்.

இப்போது நான் சூழலியல் படித்துவிட்டு அந்தத் துறையிலேயே இருக்கிறேன். கூட்டங்களில் நானும் எழுந்து பேசுகிறேன்: இந்த உலகம் மனிதனுக்கு மட்டும் ஆனதில்லை, அவனை நடுவிலிருந்து இறக்கிவிட்டு இயற்கையை அங்கே வைக்காமல் நமக்குக் கதியில்லை என்று. ஒப்புக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன். கடல் ஏறி வருகிறது, மழை தவறிப் பெய்கிறது, நாலா பொங்கினால் முதலில் மூழ்குவது எங்கள் சந்துதான். ஆனால் கீழே இறங்கு என்று சொல்லும்போது அந்த அறையில் யாருமே எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்க வேண்டியவர் அந்த அறையில் இருப்பதே இல்லை. ஏற்கெனவே தரையில் இருக்கிறவரை எங்கே இறங்கச் சொல்வது என்று ஒருமுறை கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

நாலாவை அகலப்படுத்தும் வேலை எங்கோ நின்றுபோனது. சிவப்புக் குறி வாங்கிய மற்ற வீடுகள் எல்லாம் இன்னும் அங்கேயேதான் நிற்கின்றன. அண்ணாச்சி மாடிகூடக் கட்டிவிட்டார். போனது சித்தப்பா வீடு மட்டும்தான். சங்கத்தை அவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். சித்தப்பாவும் சித்தியும் தாணேக்கும் அப்பால் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். அங்கிருந்து இட்லியைச் சுமந்து ரயிலேறி மாட்டுங்கா வந்து சேருவதற்குள் நடக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சித்தப்பா ஒரு கல்யாண சமையல்காரரிடம் மாவரைக்கும் வேலைக்குப் போனார்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் பூவரசைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, மேடை கட்டி, பலகை வைத்து, திறப்புவிழா நடத்தினார்கள். என்னை மறுபடியும் மரமாக்கினார்கள். வசனத்தில் நன்றி சொல்கிற ஒரு வரி கூடியிருந்தது. சித்தப்பாவுக்கும் அழைப்பு போயிருந்தது. பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சித்தி வரவில்லை.

வேலியின் கதவருகே வந்ததும் சித்தப்பா நின்றார். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி உள்ளே வந்தார். தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை; மேலே ஆகாயம்தான் இருந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டார். உடனே மைக்கை வாங்கினார்.

"பாருங்கோ, மரத்துக்கு முன்னாடி செருப்பைக் கழட்டறார். யார் சொல்லிக்கொடுத்தா? இதுதான் நாம கத்துக்க வேண்டியது."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. ஒவ்வொருவராக ஷூவையும் செருப்பையும் கழற்றினார்கள். தொப்பி அம்மாள் ஷூ நாடாவை அவிழ்க்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா யாரையும் பார்க்காமல், அடுப்பு இருந்த மூலையில், சுவரில் சாய்கிறவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கோ தாங்க முடியாத பெருமை. இத்தனை பெரிய மனிதர்களுக்கும் மரத்தை எப்படி மதிக்க வேண்டும் என்று என் சித்தப்பா கற்றுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்து, நானும் அவசர அவசரமாக என் செருப்பைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.