கோரை மண்டிய பக்கம்

குன்னத்துச் செங்கமலத்துக்குக் கணக்கு நன்றாக வரும். பெரம்பலூர் டுடோரியலில் அவரோடு படித்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். இருந்தும் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு மட்டும் இரண்டு முறை போய்விட்டது. எப்படிப் போகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. நர்ஸ் பயிற்சியில் சேர அவர் அந்த அக்டோபரில் தேறியாக வேண்டும். அண்ணன் மாயவன் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா தையில மீன்சுருட்டிக்கார மாப்ளயோட கல்யாணந்தான். அவனும் எத்தன நாளு காத்துக்கிட்டு இருப்பான்?"

"எங்க காத்துக்கிட்டு இருக்காரு? தூங்கிக்கிட்டுல்ல இருக்காரு" என்றார் செங்கமலம்.

மாதிரித் தேர்வன்று பின்பெஞ்சிலிருந்து அவரைக் கவனித்தேன். வினாத்தாள் கைக்கு வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இருப்பதிலேயே கடினமான வடிவியல் கணக்கில் இறங்கினார். பாதி நேரம் அதிலேயே போயிற்று. பிறகு ஓட்டமாக ஓடினார். சாதாரணக் கூட்டலெல்லாம் தப்பு.

வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஏங்கக்கா கஷ்டமானதுலேருந்து ஆரம்பிக்கிறீங்க?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார். "பருத்தியில களை எடுக்கையில கோரை மண்டின பக்கந்தான தம்பி மொதல்ல எறங்குவோம்? வெயில் ஏறுறதுக்குள்ள அத முடிச்சுட்டா மத்ததெல்லாம் வெளையாட்டு."

கொஞ்ச தூரம் நடந்தவர், தானாகவே நின்றார். "ஆனா கோரை வெட்ட வெட்டக் கொறையும். இந்தக் கணக்கு கொறையவே மாட்டேங்குதே!"

மறுநாளிலிருந்து தன்னையே சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். ஒரு பழைய வினாத்தாளைக் கடைசியிலிருந்து போட்டார். இன்னொன்றை, நிச்சயமாகத் தெரிந்த கணக்கிலிருந்து.

"தெரிஞ்சது நாலு போட்டதும் அப்புறம் கூட்டல் தப்பவே மாட்டேங்குது தம்பி. இது என்ன சங்கதி?"

சிக்கினால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவும் பழகினார். அதுதான் அவருக்கு ரொம்பச் சிரமம். "பாதி வெட்டின பாத்திய உட்டுட்டு வர்ற மாரி கூசுது" என்பார். கடைசி வாரம் புதுக் கணக்கு எதையும் தொடவில்லை. முன்பு தப்பானவற்றை மட்டும் திரும்பப் போட்டார். தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போய்விட்டார். "பரீச்சைக்குப் படிக்கிற லட்சணமா இது!" என்று மாயவன் தலையில் அடித்துக்கொண்டாராம்.

அரியலூரில் தேர்வு. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வினாத்தாளை முழுக்கப் படித்துவிட்டு, தனக்கு நிச்சயமாக வரும் வரைபடக் கணக்கில் ஆரம்பித்தார். நடுவில் ஏதோ ஒன்றில் பேனா நின்றது. நின்றே இருந்தது. என் தாளை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அரைப் பக்கம் காலியாக விட்டுப் பேனா அடுத்த கணக்குக்கு இறங்கியது.

டிசம்பரில் பேப்பரில் எண் வந்தது. மாயவன் விரல் வைத்துத் தேடி, "இருக்குடி!" என்று கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அடுத்த நாள் செங்கமலம் டுடோரியலுக்கு மிட்டாய் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும், கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். தேர்வில் கடைசிவரை வராமல் விட்டுவிட்டு வந்த கணக்கு.

"அதான் பாஸாயிட்டீங்களே, இன்னும் எதுக்குக்கா?" என்றேன்.

"பாஸானா என்ன? இது எப்புடி வருதுன்னு பாக்க வேணாமா?" என்றபடி சாக்பீஸை எடுத்தார்.