கலியமூர்த்தி கடையில் இருபத்து மூன்று டிவி

கலியமூர்த்தி திருடன் இல்லை. ஊரார் டிவியைப் பதுக்கிவைத்து விற்கிறான் என்று குழாயடியில் பேசுகிறீர்களே, அந்த இருபத்து மூன்றும் யார் வீட்டு டிவி? உங்கள் வீட்டு டிவிதான். ரிப்பேருக்குக் கொடுத்தீர்கள், சுவரில் மாட்டுகிற டிவி வந்ததும் மறந்தீர்கள். அவன்தான் ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்டால் பெயர் எழுதி, சிதம்பரத்துக் கடையில் அடுக்கிவைத்து, தான் உட்கார இடமில்லாமல் வாசற்படியில் வேலை பார்த்தான்.

போன மாதம் கட்டடச் சொந்தக்காரர் ராஜவேல் கறாராகச் சொல்லிவிட்டார்.

“வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள இந்தக் குப்பைய எடு. இல்லன்னா சாவியக் குடு.”

முப்பது வருஷக் கடை.

குப்பை வண்டிக்காரர் தொடவே மாட்டேன் என்றார். பழைய இரும்புக்கடைச் செம்பியன் சுத்தியலோடு வந்தான்.

“பிக்சர் டியூப் கழுத்த ஒடச்சி செம்புக் கம்பிய எடுத்துக்கறேன் மாமா. கண்ணாடி ஒனக்கு.”

“கண்ணாடிய நான் என்னாடா பண்றது?”

“வாய்க்கா எதுக்கு இருக்கு?”

“அதுல ஈயம் இருக்குடா. அந்தத் தண்ணியிலதான் நடவு நடறாங்க. போடா!”

மறுநாள் லோடு ஆட்டோ பிடித்து, ஒன்றும் உடைந்துவிடாமல் பின்னாலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு, கடலூரில் மின்கழிவு வாங்குகிற இடத்துக்குப் போனான். அங்கிருந்த பெண் எண்ணிப் பார்த்தாள்.

“ஒரு வீட்டுக்கு ஒரு டிவிதாங்க வாங்குவோம். இருபத்து மூணுன்னா நீங்க கடை. கடைன்னா பதிவு பண்ணியிருக்கணும்.”

“என்னுது இல்லம்மா. இருபத்து மூணு வீட்டுது.”

“அப்ப அவுங்கவுங்க கொண்டாரட்டும்.”

ஒன்றைக்கூட இறக்கவிடவில்லை. திரும்பி வந்து அத்தனையையும் அவனே அடுக்கினான். ‘வெல படியல போல’ என்று முதலில் சிரித்தது தில்லையம்மாள். அவள் டிவி பன்னிரண்டு வருஷமாக மேல் வரிசையில் இருக்கிறது! டிவியை எடுத்துப்போகச் சொல்லி அவன் போன் போட்டதற்கு, “அது இன்னுமா கெடக்கு? நீயே எங்கியாவது போட்டுடேன்” என்றவளும் அவள்தான். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ராஜவேல் சாவி வாங்க வந்தபோது, கலியமூர்த்தி துண்டைச் சும்மாடாகக் கட்டி, மேல் வரிசை டிவியைத் தலையில் ஏற்றியிருந்தான்.

“எங்கய்யா கெளம்பிட்ட?”

“வீட்டுக்கு ஒண்ணுதான் வாங்குவாங்களாம். அதான், அந்தந்த வீட்லயே கொண்டுபோயி வெக்கறேன். சாயங்காலத்துக்குள்ள கட காலி.”

“வாங்கலன்னா?”

“வாசல்ல வெச்சிட்டு வருவேன். அடுத்தது உங்க பேரு போட்டது. வீட்ல ஆளு இருப்பாங்களா?”

ராஜவேல் வாயைத் திறப்பதற்குள் அவன் படியிறங்கிவிட்டான், நேரே தில்லையம்மாள் வீட்டைப் பார்த்து.