அமலோற்பவம் சிஸ்டரும் என் தம்பியின் முதுகும்

அமலோற்பவம் சிஸ்டர் காலமாகிவிட்டார் என்று தம்பி குமார் போனில் சொன்னபோது, ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் விசைப்படகுக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். தீக்காய வார்டில் அவர் கையால் பிழைத்தவர்கள் ஆளுக்கொரு நல்லது சொல்வார்கள். நான் அவரை அடித்தவன். ஐந்து வருடமாக மன்னிப்பும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் துறைமுகத்தில் வலை அறுந்த தகராறு. இரண்டு படகு ஆட்கள் உருட்டுக்கட்டையோடு மோதிக்கொண்டார்கள். ஒருவன் பஜ்ஜிக் கடையில் கொதித்த எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி, கூட்டத்தில் நின்ற குமார் மேல் வீசினான். முதுகும் வலது தோளும் வெந்து, சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. எரிச்சல் எதுவானாலும் எங்கள் துறையில் கைக்குக் கிடைப்பது ஐஸ்தான். மீன் பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டி, அதன்மேல் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, லோடு வேனில் புதுக்கோட்டைக்குப் பறந்தோம். வழியெல்லாம் முதுகுக்கடியில் ஐஸை அள்ளித் திணித்தேன். தோள் மட்டும் ஐஸில் படவில்லை.

வார்டில் சிஸ்டர் பார்த்ததும், "எந்தப் புண்ணியவான் ஐஸ் வச்சது? எடுங்க முதல்ல" என்று கத்தி, அதை வாரித் தரையில் எறிந்தார். குமார் அலறினான். அவனைக் கொல்லப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. ஓங்கி அறைந்தேன். டிராலி விளிம்பில் மோதி விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. எழுந்து பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்: "என்னைய அப்புறம் அடிங்க. அந்தப் போர்வையை எடுத்துப் போத்துங்க, தம்பி வெறைச்சுப் போச்சு."

சில நாள் கழித்து, கட்டு மாற்றும்போது அவரே பேசினார். "மருந்து காயத்தை மூடாதுங்க, தோலேதான் மூடிக்கணும். முடி வேர் பக்கத்துல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. மேல்தோல் போச்சுன்னா அது முழிச்சிக்கும். ரெண்டாகி, நாலாகி, ஊர்ந்து வந்து மூடும். எண்ணெய்க்குத் தப்பிச்சது அடியில கொஞ்சம் இருந்துச்சு. ஐஸ் அதுக்கு ரத்தமே போகவிடல. முதுகுல அதுவும் செத்துப்போச்சு. பச்சைத்தண்ணியை ஊத்திக் கூட்டியாந்திருக்கலாம்."

என் கையால்தான் தம்பியின் முதுகு போனது. எண்ணெய் வீசியவனை வெட்டுவேன் என்று திரிந்தவன், அன்று கழிவறைக்குள் போய் அழுதேன்.

தோள் மூன்று வாரத்துக்குள் தானாக மூடியது. முதுகு மூடவில்லை. குமாரின் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி ஒட்டினார்கள். சீவிய தொடையும் தானாகவே ஆறியது. "பாத்தீங்களா, வேர் உசிரோட இருந்தா வந்துரும்" என்று சந்தோஷப்பட்டார் சிஸ்டர். நெற்றியில் அவருக்குத் தையல் தழும்பு.

போலீசுக்குப் போகவில்லையா என்று டாக்டர் கேட்டபோது, சிஸ்டர் என் காதுபடவே சொன்னார்: "இவரு உள்ள போயிட்டா அந்தத் தம்பி பக்கத்துல யாரு சார் இருப்பா?"

பிறகு செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் மன்னிப்புக்குப் பதிலாக வஞ்சிரம் கொண்டுபோனேன். "இங்க இதெல்லாம் வாங்கக் கூடாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வாயில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வீம்பு.

வல்லத்திராக்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் சவப்பெட்டி இருந்தது. தூக்க ஆள் கூப்பிட்டார்கள். நான் அவர் மகளிடம் போய், "அம்மா நெத்தியில அந்தத் தழும்பு நான் அடிச்சதும்மா" என்றேன்.

"வார்டுல வழுக்கி விழுந்தேன்னுதானே சொன்னாங்க" என்றார். பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "நீங்க தூக்க வேணாம். தள்ளி நில்லுங்க."

நின்றேன். குமார் போய்த் தோள் கொடுத்தான். நான் எல்லோருக்கும் பின்னால் வெறுங்கையோடு கல்லறைவரை நடந்தேன். சிஸ்டர், தப்புப் பண்ணிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.