இணைப்பு வராத ஞாயிறு

அத்தையை மாப்பிள்ளை முதன்முதலாகக் கணினியில்தான் பார்ப்பதாக இருந்தது. அவருக்கு மெல்பர்னில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஞாயிறு மதியம் வீடியோவில் பேசலாம் என்று சிரம்பானில் இருந்த அவருடைய அக்கா ஏற்பாடு செய்திருந்தார்.

மலேசியாவில், மந்தினுக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தார். லோபாக்கில் ஒரு கணினிக் கடையில் வேலை. வீட்டுக்கு லேப்டாப்பும் வைஃபையும் வந்தது அவரால்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அன்று பார்த்து லேப்டாப்பில் இணைப்பு வரவில்லை. மோடத்தில் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. லேப்டாப் திரையில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி. அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலை முடித்து வந்து கண்ணயரவே இல்லை. மோடத்தைப் பிடுங்கினார், மாட்டினார். கடவுச்சொல்லை ஒற்றை விரலால் மறுபடி மறுபடி தட்டினார். பட்டுப்புடவையில் அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“நீயே வந்து பாரேன்மா.”

“பாத்துட்டேன்ணே. மோடம் பழசு லா. இன்னொரு நாள் பேசிக்கலாம்.”

“கேபிள்ல மாட்டினா வராதா?”

“கேபிள் கடையில இருக்கு.”

அம்மாவின் பட்டன் போன் ஓயாமல் அடித்தது; மாப்பிள்ளையின் அக்காதான். அம்மா ஒவ்வொரு தடவையும் “அஞ்சு நிமிஷம்” என்றார். சொல்லிச் சொல்லி அவர் குரலும் தேய்ந்துவிட்டது. ஒயரைப் பார்க்கிறேன் என்று மேசைக்கு அடியில் படுத்த அப்பா, நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். பிளக்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தார்.

போன் மறுபடி அடித்தது. திடுக்கிட்டு எழுந்தவரின் தலை மேசையில் இடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அத்தையைப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதம்மா. உனக்குன்னு ஒரு காரியம்கூட அண்ணனால ஒழுங்கா செய்ய முடியல.”

 அத்தை எழுந்து வந்து, லேப்டாப்பின் முன்விளிம்பில் இருந்த சின்ன வைஃபை பொத்தானை நகத்தால் தள்ளினார். நீல விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் திரையில் மாப்பிள்ளையின் முகம் வந்தது. அத்தை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வணக்கம் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் நான் விடவில்லை.

“தெரிஞ்சா முன்னாடியே செய்ய வேண்டியதுதானே, அத்தை?”

“மறந்துபோச்சு, பாப்பா.”

நான் அதை அப்படியே நம்பினேன். அந்த வருடமே கல்யாணம் நடந்தது. விமான நிலையத்தில் வழியனுப்பும்போது எல்லாரும் அழுதார்கள். நான்தான் பெரிய மனுஷி போல, “அங்க போயாவது மறதியக் கொறைச்சுக்குங்க, அத்தை. லேப்டாப் பொத்தான்கூட ஞாபகம் இல்ல உங்களுக்கு” என்று புத்தி சொன்னேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்பா மட்டும் ஏன் சிரிக்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை.