இறால் ஷெட்டில் படகுப் போட்டி

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்பக்கத் தெருவில்தான் நான் வேலை பார்த்த இறால் ஷெட் இருந்தது. ஐஸில் புதைந்து வரும் இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடலை இழுத்துப் போடும் வேலை. கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். மாமியார் மகள் வீட்டோடு போய்விட்டார். நானோ திருப்பாலைவனத்து வயல்காரி, மீனவர் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நாலு மனுஷ முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் ஷெட்டில் சேர்ந்தேன்.

முகங்களைப் பார்த்தேன், அவ்வளவுதான். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் அக்கா, நாத்தனார், ஓரகத்தி. பேச்சு என் தலைக்கு மேலேயே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். என்மேல் அவர்களுக்குக் கோபமெல்லாம் இல்லை. என்னிடம் பேச ஒன்றும் இல்லை, அதுதான்.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்த இளவயது மேனேஜர் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். அதில் நீலமாக ஓர் ஏரி. ஏரியில் ஆளுக்கொரு படகு, படகின்மேல் எங்கள் போட்டோ. உரித்த இறாலை எடை போடப் போட அவரவர் படகு முன்னால் நகரும். சனிக்கிழமை யார் படகு முன்னால் நிற்கிறதோ, அவர் தலையில் ஜிகினாக் கிரீடம் வைத்துப் படம் எடுப்பார்கள். கூடவே ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு. “இத வேலையா நினைக்காதீங்கக்கா, விளையாட்டா நினைச்சுக்குங்க,” என்றார் மேனேஜர். இடுப்பு ஒடிய உட்கார்ந்திருப்பதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்கும் சாமர்த்தியம் படித்தவர்களுக்குத்தான் வரும்.

ஆனால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. சொல்வதில் என்ன வெட்கம்? நான் செய்வதைக் கவனித்து அசைகிற பொருள் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான். எடை போட்டுவிட்டுத் திரும்பும்போது என் படகு நகரும். யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். கை தானாகப் பறந்தது. முதல் வாரமே கிரீடம் எனக்கு. அடுத்த வாரமும் எனக்கே.

படம் எடுத்தபோது மேனேஜர் மட்டும் கை தட்டினார். அதற்குப் பிறகு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த பேச்சும் நின்றுபோனது. நான் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முக்காலியை நகர்த்திக்கொண்டார். குழாயடியில் தனியாக உட்கார்ந்து பரிசு ஹாட்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். சோறு சூடாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த வாரக் கிரீடம், விரலெல்லாம் புண்ணாகி மெதுவாக உரிக்கிற ஓர் அக்காவுக்குப் போனது. எனக்கு நம்ப முடியவில்லை. அதன் பிறகு இறாலைப் பார்க்காமல் மற்றவர்களின் கைகளைப் பார்த்தேன். தங்கள் டிரேயிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளி ஒரே ஒருத்தியின் டிரேயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுகூட நிற்கவில்லை.

அந்த அக்காவிடமே போய்க் கேட்டேன். “ஏரில பாடு கீதுல்ல, அது மாதிரிதான். எந்த வாரம் யார்துனு மொத நாளே சீட்டு குலுக்கிட்டோம். நீதான் ரெண்டு தபா அடுத்தவங்க பாட்டுல பூந்துட்ட,” என்றார்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறை வைத்திருப்பார்கள். அதுதான் பாடு. முறை இல்லாதவர் எதிரில் மீன் துள்ளினாலும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டிவியில் ஏரியையும் படகையும் பார்த்ததும் இவர்கள் போட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை, பாடு பிரித்துவிட்டார்கள்.

“எனக்கு ஏன் சீட்டு போடலை? என் வீட்டுக்காரரும் இந்தக் குப்பம்தானே?”

“அவரே பாட்டை வுட்டுட்டு ஊரைத் தாண்டிப் போய்ட்டாரு. உனுக்கு எங்கேர்ந்தும்மா பாடு வரும்?”

குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கிரீடம் யாருக்கு வேண்டும்? குலுக்கிய சீட்டுகளில் ஒன்றில் என் பெயர் இருந்திருந்தால் போதும்.

மேனேஜருக்குப் பரம சந்தோஷம். வாரம் ஒருவர் ஜெயிக்கிறார்களே, எல்லாருக்கும் ஊக்கம் வந்துவிட்டது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார். மேலிடம் சும்மா இருக்குமா? புது விதி போட்டார்கள். வாரக் கடைசியில் பின்தங்கி நிற்கும் படகு டிவியில் கவிழும். ஒருவர் படகே தொடர்ந்து கவிழ்ந்தால் அவருக்கு வேலை போய்விடும்.

மறுநாள் எல்லாரும் எடை மேடைப் பக்கம் கூடிப் பேசினார்கள். பிறகு அந்த அக்கா வந்து என் எதிரில் குந்தினார்.

“கவுறதுக்கும் பாடு பிரிச்சிட்டோம். ஆளுக்கொரு வாரம் கவுந்தா யாருக்கும் வேலை போவாது. உன்னையும் சேத்துக்கினோம். மொத வாரம் உன்னுது. இன்னா சொல்ற?”

எனக்குப் புரியாமல் இல்லை. ஜெயிக்கிற பாட்டில் நான் கிடையாது, தோற்கிற பாட்டில் முதல் ஆள். சுர்ரென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. “சரிக்கா,” என்றேன்.

பழகிய கையை அடக்குவது லேசான வேலை இல்லை. என்னையும் மீறி வேகம் வந்துவிடும். “மெதுவாம்மா, முந்திடப் போற,” என்பார் ஒருவர். “இந்தா, உன் டிரேய இப்டி தள்ளு,” என்பார் இன்னொருவர். ஒருத்தி என் கையைப் பிடித்தே நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்க யாராவது என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை என் படகு கவிழ்ந்து, என் முகம் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனது. உடம்பு சரியில்லையா என்று மேனேஜர் கவலையாகக் கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். பொய் இல்லை, அவ்வளவு நன்றாக நான் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை கவிழும் முறை வேறொருத்திக்குப் போயிற்று. பேச்சும் அவளோடு போய்விட்டது. என் டிரேயை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி என் படகு எப்போது கவிழ வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.