நசீர் பாய் எழுதிய மூன்று சிடிகள்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது நசீர் பாயின் மகள் போனில் அழைத்தாள். "அத்தா மவுத்தாயிட்டாங்க, அத்தை" என்றாள். பாய் இறந்துவிட்டார். சாவிக்கொத்தை எங்கே வைத்தேன் என்று மதியம்வரை தேடினேன். குடவாசலில் எங்கள் கணினி மையத்துக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். தட்டச்சு என் வேலை, பழுது பார்ப்பது அவர் வேலை. இருபது வருடம் ஒரே அறையில் சண்டை போட்டோம். போட்டது பெரும்பாலும் நான்தான்.

வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் முற்பகல் மும்தாஜ் என்ற பெண் ஆட்டோவில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கணவர் குவைத்தில் இருந்தார். அவர் போன பிறகு பிறந்த மகள் முதன்முதலாக நடக்கும் வீடியோ அந்தக் கணினியில் இருந்தது. அதுவோ திரை எரிந்ததோடு சரி, மேலே நகரவே மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று நான்கு மணிக்குக் குவைத்துக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

"பெட்டிய மட்டும் பிரிச்சிடாதீங்க பாய். அவங்க வாங்கி அனுப்பினது, சீல் உடைஞ்சா கோவிச்சுக்குவாங்க."

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் வீடியோ அழிந்துவிடும். பெட்டியைப் பிரிக்கவும் கூடாது. சிடியிலிருந்தே கணினியை இயக்கி உள்ளே போவதுதான் மிச்சமிருந்த வழி. அதற்கான கோப்பு எங்களிடம் இருந்தது. வெற்று சிடிகள் மூன்றே மூன்று.

முதல் சிடியை எழுதிப் போட்டார். திரை அசையவில்லை. நான் முந்திக்கொண்டு, "உங்க மிஷின்தாம்மா சரியில்ல, சிடிய எடுக்கல" என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வதுதான். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

பாய் சிடியை எடுத்து எங்கள் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. தப்பு என்னுது. கோப்பைப் பிரிச்சு எழுதச் சொல்லாம, அப்படியே காப்பி பண்ணிட்டேன். மாவ வேகவைக்காம தட்டுல வச்சுட்டு இட்லி எங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

மும்தாஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது!

இரண்டாவது சிடியை முறையாக எழுதினார். கணினி விழித்துக்கொண்டது. வீடியோவைக் கடையின் ஒரே பேனா டிரைவில் எடுத்து, எங்கள் கணினியில் மூன்றாவது சிடிக்கு மாற்றினார். அது எழுதி முடிக்கும்வரை மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றரை மணிக்கு மும்தாஜ் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

அவள் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏன் பாய், பழியை மிஷின் மேல போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"மிஷின் மேல போட்டிருந்தா அந்தப் பிள்ள அதைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கும் அக்கா. அப்புறம் நான் எங்க போயி தப்பைத் தேடுறது?"

நான் டீ வாங்கிவரப் போனேன்.

அடுத்த வாரம் குவைத்திலிருந்து மும்தாஜின் கணவர் கடைக்குப் போன் செய்தார். "ரூம்ல எல்லாரும் பாத்துட்டோம் பாய். மூணாவது தடவையா ஓடுது" என்றாராம். பாய் உடனே ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், அதையும் தாமதமாகத்தான் கற்றேன். நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் ஊரை மாற்றி அடித்துவிட்டேன். "நாங்கதான் தப்பா எழுதிக் கொடுத்துட்டோமோ?" என்று பெண்ணின் அப்பாவே கேட்டார். தப்பிக்க அருமையான வழி.

"இல்லைங்க, நீங்க சரியாத்தான் கொடுத்தீங்க. நான்தான் மாத்தி அடிச்சுட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டு, 'கேட்டீங்களா பாய்?' என்று பெருமையோடு எதிரே பாய் உட்காரும் நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.