நாலாவது மாடியில் நெத்திலி வாசம்

போன வாரம் பிசினஸ் விஷயமாக ஓர் ஏர்போர்ட் ஹோட்டலில் தங்கினேன். சிங்கப்பூரா, துபாயா என்று கேட்காதீர்கள்... மீனம்பாக்கம்தான்! ராயபுரத்தில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அதே ஊர் ஏர்போர்ட்டில் ரூமில் தங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தனியாக அல்ல. கூடவே தேசம்மா.

தேசம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கருவாடு போடும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. ஆற்றில் இறால் குறைந்து, ஆம்பளைகள் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, இந்தப் பெண்கள் சேர்ந்து ஒரு ஷெட் போட்டார்கள். மணலில் கொட்டாமல் சோலார் டிரையரில் காயவைத்து, காற்றை உறிஞ்சி சீல் வைக்கும் மெஷினில் பாக்கெட் போட்டு விற்பதாகத் திட்டம். நான் அவர்களுக்கு லேபிள் எழுதுவேன், இங்கிலீஷில் மெயில் அனுப்புவேன், அவ்வப்போது சத்தம் போடுவேன். மூன்றுக்கும் சம்பளம் கிடையாது.

சரக்கு அருமையான சரக்கு. வாங்கத்தான் ஆளில்லை. ஏறி இறங்கிய சூப்பர் மார்க்கெட்டில் எல்லாம் ஒரே பதில் — "கருவாடா? கடையே நாறிடும் மேடம்!"

கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தது. அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜர் முரளி கொல்கத்தா போகிற வழியில் சென்னையில் ஒரு நாள் தங்குகிறார். சாயங்காலம் ஹோட்டலுக்கு சாம்பிளோடு வந்து பாருங்கள் என்று மெயில். கீழே ஒரு வரி எச்சரிக்கை. பாக்கெட்டிலிருந்து வாடை வந்தால் பேச்சுவார்த்தையே இல்லையாம்.

இதுவும் கைவிட்டால் ஷெட்டை மூடிவிடுவது என்று குழுவில் பேசி முடித்திருந்தார்கள். மறுபடி அவரவர் கூடையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடவேண்டியதுதான். தேசம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, எங்கள் பக்கத்து ஆட்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் லட்சணம் உங்களுக்குத் தெரியுமா? கன்டெய்னர் லாரி எங்கே மறிக்கும், எப்போது விடும் என்பது அந்த லாரிக்கே தெரியாது. அதனால் சாயங்கால மீட்டிங்குக்குக் காலைச் சாப்பாடு முடிந்ததும் கார் ஏறிவிட்டோம். மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள்... கருவாட்டுப் பையோடு செக்யூரிட்டி முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பார்த்து டோல்கேட்டில்கூட ஒரு லாரி நிற்கவில்லை! மத்தியானமே போய் இறங்கி, லாபியில் தேவுடு காத்தோம். முரளியின் விமானமோ லேட். பொழுது சாயும் நேரத்தில் மெசேஜ் வந்தது — 'மிகவும் களைப்பு. நாளைக் காலை டிபனில் சந்திப்போம். உங்கள் இருவருக்கும் கம்பெனி செலவில் ரூம் சொல்லியாகிவிட்டது.'

"இன்னாக்கா இது பேஜாரு... மாத்துப் பொடவ கூட எட்தாரலியே!" என்றாள் தேசம்மா.

ரூம் நாலாவது மாடியில். வெள்ளை வெளேரென்று மெத்தை. ஜன்னலுக்கு வெளியே விமானங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. தேசம்மா ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். திறப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"காத்து வர்றதுக்கு ஒரு ஓட்ட கூட இல்லியேக்கா. இதுக்குள்ள எப்டிக்கா மன்சன் தூங்குவான்?"

"ஏசி இருக்கு, தூங்குவான். நீ கொஞ்சம் உட்காரு" என்று சொல்லிவிட்டு, டூத் பிரஷ் வாங்கக் கீழே போனேன். போன இடத்தில் ஒரு காபியும் குடித்தேன். என்னைச் சொல்லவேண்டும்.

திரும்பி வந்தேன். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. காசிமேடு வந்துவிட்டது!

ஓடினேன். உள்ளே... பாத்ரூம் டவல்கள் அத்தனையும் தரையில். அவற்றின்மேல், பாக்கெட்டைக் கிழித்துப் பரப்பிய நெத்திலி ஒரு பக்கம், சென்னாக்குன்னி ஒரு பக்கம், வாளைக் கருவாடு ஒரு பக்கம். நேராக மேலே ஏசி. தேசம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹோட்டல் மெனு கார்டால் விசிறிக்கொண்டிருந்தாள். தனக்கு அல்ல, கருவாட்டுக்கு.

"ஏய்! என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"கத்தாதக்கா. வெயில்ல கார்ல வந்துச்சு, அப்பால ஜில்லுன்னு கெடந்துச்சு. உள்ள வேர்த்துப் பூடும்க்கா. மூச்சு முட்டிகினு கெடக்குது பாவம். சித்த நேரம் காத்தாட வுட்டு எட்த்து வெச்சிட்றேன்."

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. குப்பத்தில் வெயிலில் கிடந்த கருவாட்டு மூட்டையை யாரும் அப்படியே கட்டிப்போட்டு விடியவிட மாட்டார்கள். சாயங்காலம் சாக்கின் வாயை அவிழ்த்து, சூடு ஆறவிட்டுத்தான் மறுபடி கட்டுவார்கள். பிறந்ததிலிருந்து பழகின கை. கடற்கரையில் அந்த வாடையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே? ஏசி அதை வாங்கி, மாடி முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

காலிங் பெல் அடித்தது.

கோட்டு சூட்டில் டியூட்டி மேனேஜர். சட்டையில் 'பிரேம்' என்று பெயர்ப் பட்டை. "குட் ஈவினிங் மேடம். இந்த ஃப்ளோர்ல சில கெஸ்ட்ஸ் ஒரு ஸ்மெல் வர்றதா..." என்று ஆரம்பித்தவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். அத்தனை இங்கிலீஷும் கழன்றுகொண்டது. "இன்னாம்மா இது... கடையே போட்டு வெச்சிகீறீங்க!"

வியாசர்பாடியாம், எங்கள் பக்கம்தான். அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் தேசம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அறிவிருக்கா, ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா, அந்த முரளி இதே ஹோட்டலில்தானே இருக்கார்... வாய்க்கு வந்தபடி. அவள் நெத்திலியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதன்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

"எல்லார் பொயப்பையும் நான் ஒருத்தியே கெட்த்துட்டேனேக்கா... நான் வூட்டுக்குப் பூட்றேன். நீ மட்டும் அவர்கிட்ட பேசு. நான் இருந்தா கலீஜாத்தான் ஆவும்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் அள்ள ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய?

பிரேம் நல்ல மனிதர். ஸ்ப்ரே அடிக்க ஆளை வரவழைத்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி நின்றார். "ஒண்ணு மட்டும் புரியலை மேடம். மத்தியானத்துலேர்ந்து இந்தப் பையை மடியில வெச்சிகினு என் டேபிளுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? அப்ப எனக்கு ஒண்ணுமே தெரிலியே?"

சடாரென்று எழுந்து நின்றேன்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

அவர் பயந்துபோய் ஓரடி பின்னால் வைத்தார். பாவம், அடிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

பிரித்த கருவாடு அத்தனையும் அன்றைக்கு ஹோட்டல் ஸ்டாஃப் கேன்டீனுக்குப் போனது. பிரிபடாமல் தப்பியவை இரண்டே பாக்கெட்டுகள்.

மறுநாள் காலை டிபன் ஹால். முரளி வந்தார். சின்ன வயசு, சிவந்த கண்கள். கை குலுக்கி உட்கார்ந்ததுமே, "சாரி மேடம், சரியாவே தூங்கலை. எங்க ஃப்ளோர்ல மீன் மார்க்கெட்டையே கொண்டுவந்து இறக்கின மாதிரி ஒரு வாடை. நான்தான் ரிசப்ஷன்ல கம்ப்ளெயின்ட் பண்ணேன்" என்றார்.

மேஜைக்கு அடியில் தேசம்மாவின் காலை ஒரு மிதி மிதித்தேன். வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம். அவளா கேட்பாள்?

"அது நாங்கதான் சார்."

முரளி ஸ்பூனைக் கீழே வைத்தார். ஷெட்டுக்குப் பூட்டு போட்டாயிற்று என்றே நினைத்தேன்.

ஆனால் உண்மை வெளியே வந்த பிறகு அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது இல்லையா? பிரேமைக் கூப்பிட்டேன். "நேத்து என்கிட்ட சொன்னதை இவர்கிட்டேயும் சொல்லுங்க" என்றேன். அவரும் சொன்னார். மத்தியானம் முழுக்க லாபியில் பை இருந்தது, ஒரு வாடையும் இல்லை. பிரித்த பிறகுதான் மாடியே மணத்தது.

தேசம்மா மிச்சமிருந்த இரண்டு பாக்கெட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நேத்து ஒங்களத் தூங்கவுடாம பண்ணது பிரிச்ச பாக்கெட்டு சார். இது பிரிக்காதது. மோந்து பாருங்க."

முரளி ஒன்றை எடுத்தார். முகர்ந்தார். அமுக்கி, திருப்பி, மறுபடி முகர்ந்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு... பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்படி ஒரு டெமோவை நான் பார்த்ததே இல்லைம்மா."

சிரித்தாரே தவிர, ஆர்டர் தரவில்லை. மனிதர் பர்ச்சேஸ் மேனேஜர் ஆயிற்றே! பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த சட்டைகளுக்கு நடுவே அந்த நெத்திலிப் பாக்கெட்டைச் செருகிக்கொண்டார். "சாயங்காலம் கொல்கத்தாவுல எங்க டைரக்டரோட மீட்டிங். இந்தச் சட்டையைத்தான் போடணும். நாறிச்சுன்னா உங்க நம்பரையே பிளாக் பண்ணிடுவேன். நாறலைன்னா கூப்பிடறேன்."

மிச்சமிருந்த ஒரு பாக்கெட்டைப் பிரேமிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் கை வீசிக்கொண்டு மெட்ரோவிலேயே திரும்பினோம். வழியெல்லாம் தேசம்மா "சீல் சரியா பட்ச்சிருக்குமாக்கா?" என்று மட்டும் நாலைந்து தடவை கேட்டாள். "பிடிச்சிருக்கும்" என்று நானும் அத்தனை தடவை சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவளோடு குப்பத்துக்கே போய் ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன். குழுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். யாருக்கும் கையில் வேலை ஓடவில்லை. நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் என் போன். இரண்டு தடவை அடித்தது. ஒன்று, லோன் வேண்டுமா என்று. இன்னொன்று, என் வீட்டுக்காரர், ரசப்பொடி எங்கே என்று. அவருக்கு விழுந்த திட்டு இருக்கிறதே!

வெயில் இறங்கிய பிறகு முரளி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மீட்டிங் முடிஞ்சுது மேடம். அதே சட்டைதான் போட்டிருக்கேன். எங்க டைரக்டர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார், நகரவே இல்லை. பெங்களூர்ல ரெண்டு கடைக்கு முதல்ல அனுப்புங்க. வித்தா மத்த கடைகளுக்கும் போடலாம்."

இரண்டே கடைதான். அதுவும் 'வித்தா பார்க்கலாம்'. கோட்டையைப் பிடித்துவிடவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஷெட்டில் எழுந்த கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தேசம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அப்போ ஷெட்டு மூட வேணாம்லக்கா? வேணாம்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அழுதேன். சும்மா அல்ல, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நாம் ஒழுங்காகச் செய்த வேலையை நாமே நம்புவதற்குள் எத்தனை பாடு! சமைத்து இறக்கியதைத் தட்டில் போடும் வரை நாலு தடவை திறந்து பார்க்கிறோம். பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளையை வாசல் வரை கேள்வி கேட்டு உலுக்குகிறோம். ஊரில் யாராவது ஒருத்தர் 'சரியாத்தான் இருக்கு' என்று சொன்னால்தான் மூச்சு வருகிறது.

நேற்று தேசம்மா போன் பண்ணினாள். முதல் லோடு கட்டி முடித்துவிட்டார்களாம், காலையில் லாரி ஏறுகிறதாம். "இந்தத் தடவையாவது எதையும் பிரிக்காம வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு பிரிச்சேன்க்கா."

எனக்குத் தலை சுற்றியது. "எதுக்குடி?"

"கொயம்புக்கு!"